எந்த வட்டு, எந்த ஸ்லாட்? சர்வர் வட்டுக் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டு வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுதி (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளைச் சேர்த்த அமைப்பு) ஒன்றில் மூன்றாம் ஸ்லாட் வட்டு பழுது என்று எச்சரிக்கை வந்தது. இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவதைக் கழற்றினேன். மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தது. என் கையில் இருந்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வட்டு. தொகுதி அந்த நொடியே நின்றுபோனது. விடிய விடியக் காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டோம். சீரியல் எண் பொருந்துகிறது என்று கண்ணால் பார்க்காமல் அதற்குப் பிறகு நான் எந்த ட்ரேயின் (வட்டைத் தாங்கும் சட்டம்) தாழையும் திறந்ததில்லை.

கீழே இருப்பவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டவை. உங்கள் சர்வர் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி: லாக்கில் 'எஸ்டிசி' பழுது என்று இருக்கிறது, அது எந்த ஸ்லாட் என்று தெரியவில்லை

லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள், கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வட்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் ஒட்டிய தற்காலிகச் சீட்டுகள். சர்வரை மறுதொடக்கம் செய்தால் அவை மாறலாம். இணைப்பு அறுந்து திரும்ப வரும் வட்டு வேறு எழுத்தோடு வரலாம். நேற்றைய லாக்கில் இருந்த எஸ்டிசியும் இன்று திரையில் தெரியும் எஸ்டிசியும் வெவ்வேறு வட்டுகளாக இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

வட்டோடு பிறந்து வட்டோடு போவது சீரியல் எண்ணும், டபிள்யூடபிள்யூஎன் என்ற உலகளாவிய அடையாள எண்ணும்தான். எல்எஸ்பிஎல்கே கட்டளையிடம் பெயர், மாடல், சீரியல், டபிள்யூடபிள்யூஎன் ஆகிய நான்கு பத்திகளையும் கேட்டு வாங்குங்கள். டெவ் கோப்புறைக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்ற இடத்திலும் இதே தகவல் இணைப்புகளாக இருக்கும். தொகுதிகளை உருவாக்கும்போதே இந்தப் பை-ஐடி பெயர்களைப் பயன்படுத்தினால், பழுது வரும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

ரெய்டைத் தானே நடத்தும் கார்டான ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் வட்டுகளை இயங்குதளம் நேரடியாகப் பார்ப்பதில்லை. மெகாரெய்டு வகைக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல்லின் பெர்க் கார்டுக்குப் பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ ஸ்மார்ட் அரேவுக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று அந்தந்தக் கருவியிடம்தான் கேட்க வேண்டும். மெகாரெய்டு வழியாக ஸ்மார்ட்சிடிஎல் (வட்டின் உடல்நிலை அறிக்கை தரும் கருவி) ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கொடுக்க வேண்டியது வட்டின் டிவைஸ் ஐடி. ஸ்லாட் எண்ணைக் கொடுத்தால் வேறொரு வட்டின் அறிக்கை வரும், அது பார்க்க முற்றிலும் சரியான அறிக்கைபோலவே இருக்கும்.

எண்களை ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் கண் ஏமாறும். சீகேட்டின் சாஸ் (சர்வர் வட்டுகளுக்கான இணைப்பு முறை) வட்டுகள் பலவற்றில் கணினி 20 எழுத்துள்ள சீரியல் எண்ணைக் காட்டும். லேபிளில் அதன் முதல் 8 எழுத்துகள்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். அது அதே வட்டுதான். இரண்டாவது, சாஸ் வட்டுக்கு இரண்டு போர்ட்டுகள் உண்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி முகவரி. அதனால் கன்ட்ரோலர் காட்டும் சாஸ் முகவரிக்கும் லேபிளில் உள்ள டபிள்யூடபிள்யூஎன்னுக்கும் கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு வேறுபடும். டபிள்யூடபிள்யூஎன் 16 இலக்கம். பெரும்பாலும் 5 என்று தொடங்கும். அடுத்த ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைச் சொல்லும். 5000சி5 என்று தொடங்கினால் சீகேட், 5000சிசிஏ என்றால் எச்ஜிஎஸ்டி, 50014இஇ என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல்.

அடுத்து ஸ்லாட். டெல் பவர்எட்ஜ் சர்வர்கள் 0-விலிருந்து எண்ணுகின்றன. எச்பிஇ புரோலியன்ட் 1-லிருந்து எண்ணுகிறது. எஸ்எஸ்ஏசிஎல்ஐ '1ஐ:1:3' என்று காட்டினால் முதலில் போர்ட், பிறகு பாக்ஸ், கடைசியில் பே. எண்ணி முடித்தாலும் எண்ணிக்கையை நம்பாதீர்கள்; விளக்கை எரியவிடுங்கள். ஸ்டோர்சிஎல்ஐயில் 'ஸ்டார்ட் லொகேட்', எஸ்எஸ்ஏசிஎல்ஐயில் எல்இடியை 'ஆன்' ஆக்கும் கட்டளை, ரெய்டு செய்யாமல் வட்டுகளை அப்படியே இணைக்கும் சாதாரண எச்பிஏ கார்டுகளில் லெட்சிடிஎல் அல்லது எஸ்ஜி-எஸ்இஎஸ். எரிந்த விளக்கை அணைத்து, மறுபடி எரிய வைத்துப் பாருங்கள். உங்கள் கட்டளைக்குத்தான் அது பணிகிறதா என்பது அப்போதுதான் உறுதியாகும். பக்கத்து ரேக்கில் வேறு யாரோ ஏற்றிய விளக்காகவும் இருக்கலாம்.

எச்பிஇ சர்வர்களில் ஜென்8 தலைமுறையிலிருந்து வரும் ட்ரேக்களில் 'கழற்றாதே' என்பதற்கென்றே தனி விளக்கு இருக்கிறது. அது எரியும்போது அந்த வட்டை எடுத்தால் தொகுதி விழும். அதற்குக் கீழ்ப்படியுங்கள்.

சீரியல் எண் லேபிள் வட்டின் மேல்புறத்தில் இருப்பதால், ட்ரே உள்ளே இருக்கும்வரை கண்ணில் படாது. இதற்கு ஒரே மருந்து, வட்டைப் பொருத்தும் அன்றே சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு ஒட்டியில் எழுதி ட்ரேயின் முகப்பில் ஒட்டுவது. காற்றுத் துளைகளை மறைக்காமல் தாழின் மேல் ஒட்டுங்கள். 24 வட்டுகளுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

அறிகுறி: லொகேட் கட்டளை கொடுத்தும் விளக்கு எரியவில்லை, அல்லது தவறான ஸ்லாட்டில் எரிகிறது

எச்பிஏ கார்டிலிருந்து பேக்பிளேனுக்கு (வட்டுகள் செருகும் பின்பலகை) விளக்குச் செய்திகள் எஸ்ஜிபிஐஓ என்ற தனிக் கம்பிகள் வழியாகப் போகலாம், அல்லது எஸ்இஎஸ் என்ற முறையில் உறைப்பெட்டியின் நிர்வாகச் சில்லுக்குப் போகலாம். எஸ்ஜிபிஐஓ கம்பி இல்லாத மலிவான கேபிளைப் போட்டால் தரவு ஓடும், விளக்கு மட்டும் எரியாது.

தவறான ஸ்லாட்டில் எரிந்தால் கேபிள்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மினி-சாஸ் கேபிளும் நான்கு வட்டுகளைச் சுமக்கிறது. எட்டு ஸ்லாட் பேக்பிளேனில் இரண்டு கேபிள்களையும் மாற்றிச் செருகினால் 0 முதல் 3 வரையும் 4 முதல் 7 வரையும் அப்படியே இடம் மாறித் தெரியும். பிழை நான்கு நான்காக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், மூடியைத் திறந்து கேபிளைப் பாருங்கள்.

லொகேட் விளக்கே இல்லாத பெட்டியில் செயல்பாட்டு விளக்கை நாடலாம். டிடி கட்டளையால் அந்த வட்டை மட்டும் வாசித்து வெற்றுச் சாதனத்துக்கு அனுப்புங்கள். இரண்டு விநாடி வாசிப்பு, இரண்டு விநாடி ஓய்வு என்று சுழலவிடுங்கள். மற்ற விளக்குகள் கண்டபடி மினுக்கும்போது, ஒன்று மட்டும் உங்கள் தாளத்துக்கு விட்டுவிட்டு எரியும். டிடியில் உள்ளீடு எது, வெளியீடு எது என்பதை எண்டர் அழுத்துவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். வெளியீட்டில் வட்டின் பெயர் போய்விட்டால் அதன் தரவு அழியக்கூடும்.

வட்டு முழுக்கச் செத்துப்போயிருந்தால் அதை வாசிக்க முடியாது. அப்போது மற்ற எல்லா வட்டுகளையும் ஒரே நேரத்தில் வாசிக்க வையுங்கள். எது இருளாக இருக்கிறதோ அதுதான் நீங்கள் தேடுவது. காத்திருப்பு வட்டான ஹாட் ஸ்பேரும் இருளாகவே இருக்கும் என்பதால், அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 12 வட்டுகள் போட்டேன், 24 தெரிகின்றன

இது கோளாறே இல்லை. இரண்டு போர்ட் சாஸ் வட்டுகளுக்கு இரண்டு பாதைகள் கிடைத்திருக்கின்றன. எஸ்டிபியும் எஸ்டிஎன்னும் ஒரே சீரியல் எண்ணைக் காட்டினால் இரண்டும் ஒரே வட்டு. இரண்டு பாதைகளையும் ஒரே வட்டாகக் காட்டும் மல்டிபாத் மென்பொருளை இயக்கி, அது தரும் பெயரையே பயன்படுத்துங்கள். இரண்டு பெயர்களையும் தனித்தனி வட்டுகளாக எண்ணி, ஒரே தரவை இரண்டு வட்டுகளில் வைக்கும் மிரர் அமைத்தவர்கள் உண்டு. அந்த மிரர் எதையும் காப்பாற்றாது.

பிசிஐ வழியே நேராக இணையும் என்விஎம்இ வட்டுகளில் வேறு வகைக் குழப்பம். 'என்விஎம்இ0என்1' என்ற பெயரில் உள்ள பூஜ்யமும், 'என்விஎம்இ0' என்ற கன்ட்ரோலரின் பூஜ்யமும் ஒன்றையே குறிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அங்கேயும் சீரியல் எண்ணைப் பிடித்து, பிசிஐ முகவரி வழியாக ஸ்லாட்டுக்குப் போவதே பாதுகாப்பு.

அறிகுறி: புதிய வட்டைச் செருகினேன், சுழலும் சத்தமே இல்லை

வட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் மூன்றைச் சோதியுங்கள்.

முதலாவது, மின்னிணைப்பின் மூன்றாம் ஊசி. சாதாரணக் கணினி வட்டுகளின் இணைப்பான சாட்டாவின் பழைய முறையில் அந்த ஊசியில் 3.3 வோல்ட் வரும். சாட்டா 3.3 தரம் அதே ஊசியை 'மின்சாரத்தை நிறுத்து' என்ற கட்டளைக்கு ஒதுக்கியது. புதிய வட்டைப் பழைய பேக்பிளேனில் போட்டால், வந்துகொண்டேயிருக்கும் 3.3 வோல்ட்டை வட்டு 'நின்றுகொள்' என்று புரிந்துகொண்டு சுழலாமல் இருக்கும். அந்த ஊசியைக் காப்டன் என்ற மின்காப்பு நாடாவால் மூடுவதைப் பலர் செய்கிறார்கள். ஆய்வுக்கூடப் பெட்டிக்கு அது போதும். பணியில் இருக்கும் சர்வரில், வெப்பத்தில் நழுவக்கூடிய நாடாவை நான் நம்ப மாட்டேன். இந்த வசதி இல்லாத மாடலை வாங்குவது நல்லது.

இரண்டாவது, சாஸ் பேக்பிளேன் சாட்டா வட்டை ஏற்கும். சாட்டா இணைப்பு சாஸ் வட்டை ஏற்காது. பேக்பிளேன் சாஸ் வகையாக இருந்தும் அதன் கேபிள் மதர்போர்டின் சாட்டா போர்ட்டுக்குப் போயிருந்தால், வட்டு உடல்ரீதியாகப் பொருந்தும், ஆனால் கணினிக்குத் தெரியாது.

மூன்றாவது, என்விஎம்இ வட்டுகளின் யு.2, யு.3 இணைப்புகள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். யு.3 வட்டு யு.2 ஸ்லாட்டில் வேலை செய்யும். யு.3-க்கு மட்டும் கம்பியிட்ட ஸ்லாட்டில் யு.2 வட்டு வேலை செய்யாது.

அறிகுறி: வட்டு தெரிகிறது, கொள்ளளவு பூஜ்யம்

சேமிப்பகப் பெட்டிகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட சாஸ் வட்டுகளில் இது சகஜம். அந்தப் பெட்டிகள் ஒவ்வொரு 512 பைட் செக்டரோடும் (வட்டில் எழுதும் சிறு அலகு) 8 பைட் சரிபார்ப்புத் தகவலைச் சேர்த்து 520 பைட்டாக வடிவமைத்திருக்கும், சிலவற்றில் 528. லினக்ஸ் கெர்னல் லாக்கில் 'செக்டர் அளவு 520 ஆதரிக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். வட்டு நல்ல வட்டுதான். எஸ்ஜி-ஃபார்மட் கருவியால் 512 என்று மறுவடிவமைத்தால் சரியாகும். தரவு முழுக்க அழியும். பெரிய வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போகக் கூடாது. போனால் வட்டு அரைகுறை நிலையில் நிற்கும், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.

இதன் சகோதரப் பிரச்சினை 4கேஎன். செக்டர் 4096 பைட்டாக மட்டுமே பேசும் வட்டை, 512 பைட் வட்டுகள் கொண்ட தொகுதிக்கு மாற்றாகப் போட்டால் கன்ட்ரோலர் மறுக்கும். வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள்.

அறிகுறி: பிழைகள் வருகின்றன, வட்டை மாற்றியும் நிற்கவில்லை

வட்டு தன்னைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண், சிஆர்சி பிழைகள். அவை வட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான பாதையில் சிதைந்த செய்திகள். அந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது, பூஜ்யமாக்கவும் முடியாது. ஆகவே எவ்வளவு என்று பார்க்காமல், ஏறுகிறதா என்று பாருங்கள். இன்று குறித்துக்கொண்டு நாளை பார்த்தால் போதும். ஏறினால் கேபிள், பேக்பிளேன் இணைப்பி, ட்ரே சரியாக அமராதது ஆகியவற்றைத் தேடுங்கள். 6 ஜிகாபிட்டில் ஓட வேண்டிய இணைப்பு 3 அல்லது 1.5-க்கு இறங்கியிருந்தால் அதுவும் அதே குற்றவாளியைத்தான் காட்டுகிறது. சாஸ் வட்டுகளில் ஸ்மார்ட்சிடிஎல் தரும் ஃபை (இணைப்புப் பாதை) பதிவில் 'இன்வேலிட் டிவேர்ட்' (சிதைந்து வந்த தரவுச் சொற்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். வட்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிய பிறகும் பிழை பழைய ஸ்லாட்டிலேயே தொடர்ந்தால் வட்டு நிரபராதி.

மாறாக 5 (மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (நிலுவையில் உள்ளவை), 198 (மீட்க முடியாதவை) ஏறினால் வட்டின் பரப்பே தேய்கிறது. 197 ஏறி, தொகுதியைச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடியதும் இறங்கி, 5 அசையாமல் இருந்தால் அந்தச் செக்டர்கள் மறுஎழுத்தில் பிழைத்துவிட்டன. இரண்டும் சேர்ந்து ஏறினால் காத்திருக்காதீர்கள். அறிக்கையின் தலையில் 'பாஸ்டு' என்று இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். வாசிக்க முடியாத செக்டர்கள் இருக்கும்போதே அந்தச் சொல் அங்கே இருக்கும்.

அறிகுறி: ஸ்மார்ட் சுத்தம், வட்டு மட்டும் தொகுதியிலிருந்து அவ்வப்போது விலகுகிறது

மேசைக்கணினிக்கான வட்டா என்று மாடலைப் பாருங்கள். அவ்வகை வட்டு, வாசிக்க முடியாத செக்டரோடு ஒரு நிமிடத்துக்கும் மேல் மல்லுக்கட்டும். லினக்ஸ் இயல்பாக 30 விநாடிகளில் பொறுமை இழந்து இணைப்பை மீட்டமைக்கும். சர்வர் வட்டுகள் பொதுவாக 7 விநாடிகளில் கைவிட்டு, ரெய்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி-இஆர்சி (பிழையோடு எவ்வளவு நேரம் போராடலாம் என்ற வரம்பு) மதிப்பை 70 என்று வைத்தால் 7 விநாடி. பல வட்டுகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அமைக்க வேண்டும். இந்த வசதியே இல்லாத வட்டுக்கு லினக்ஸின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்தலாம்.

அறிகுறி: ஒரே நேரத்தில் பல வட்டுகள் விழுந்தன

கையை எடுத்துவிடுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் 'ஃபோர்ஸ் ஆன்லைன்' ஆக்க வேண்டாம்.

முதலில் லாக்கில் நேரத்தைப் பாருங்கள். நான்கு வட்டுகள் ஒரே விநாடியில் விழுந்திருந்தால், நான்கும் ஒன்றாகச் செத்திருப்பது மிக அரிது. அவற்றுக்குப் பொதுவானது எது? ஒரே கேபிள், ஒரே எக்ஸ்பாண்டர் (ஒரு கேபிளைப் பல வட்டுகளுக்குப் பகிரும் சில்லு), ஒரே மின்னிணைப்பு. பாதையைச் சரிசெய்தால் வட்டுகள் திரும்பி வரும்.

சில நிமிடங்களோ நாள்களோ இடைவெளிவிட்டு விழுந்திருந்தால் வரிசை மிக முக்கியம். ரெய்டு 5-இல் முதலில் விழுந்த வட்டில் இருப்பது பழைய தரவு. அது விழுந்த பிறகு எழுதப்பட்ட எதுவும் அதில் இல்லை. அதை வற்புறுத்தி ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் பழையதும் புதியதும் கலந்து கோப்பு முறைமை சிதைந்துவிடும். கடைசியாக விழுந்ததைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் எம்டிஏடிஎம் கருவியின் 'எக்ஸாமின்' ஒவ்வொரு வட்டின் நிகழ்வு எண்ணைக் காட்டும். எண் குறைந்தது பழையது. இந்த நிலையில் முடிந்தால் ஒவ்வொரு வட்டையும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, நகல்களின் மேல் முயற்சி செய்யுங்கள்.

மூன்றாவது சாத்தியம், வட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர். 2019 நவம்பரில் எச்பிஇ தன் சில சாஸ் எஸ்எஸ்டி மாடல்களைப் பற்றி எச்சரித்தது: மொத்த இயக்க நேரம் 32,768 மணியை எட்டியதும் அவை நின்றுவிடும், வட்டையோ தரவையோ மீட்க முடியாது. அது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. 16 பிட்டில் குறியோடு எண்ணினால் 32,767-க்கு மேல் போக முடியாது. எச்பிடி8 ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி என்ற எல்லையோடு இன்னொரு எச்சரிக்கை வந்தது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் இயக்கிய எட்டு எஸ்எஸ்டிகளும் ஒரே நாளில் அந்த எண்ணைத் தொடும் என்பதுதான் இதில் கொடுமை. எந்த ரெய்டும் அங்கே உதவாது. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் இயக்க நேரம், ஃபர்ம்வேர் பதிப்பு இரண்டையும் சீரியல் எண் பட்டியலிலேயே சேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: வட்டுகளை வேறு சர்வருக்கு மாற்றினேன், 'ஃபாரின்' என்கிறது

வட்டுகளில் எழுதியிருக்கும் ரெய்டு அமைப்பு இந்தக் கன்ட்ரோலருக்கு அந்நியமானது என்று பொருள். 'இம்போர்ட்' செய்யும் முன் முன்னோட்டத்தைப் பார்த்து, எல்லா வட்டுகளும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். குறைந்தால் நிறுத்துங்கள். 'கிளியர்' என்பது அந்த அமைப்பை அழிக்கும் கட்டளை. செய்தியை மறையச் செய்யும் பொத்தான் என்று எண்ணி அழுத்திவிடாதீர்கள். 'இனிஷியலைஸ்' பக்கமே போகக் கூடாது.

அறிகுறி: மாற்று வட்டைப் போட்டும் ரீபில்ட் (தரவை அதில் மறுபடி கட்டுவது) தொடங்கவில்லை

பெரும்பாலும் புதிய வட்டு சில செக்டர்கள் சிறியதாக இருக்கும், அல்லது வேறு தொகுதியின் பழைய அமைப்பைச் சுமந்திருக்கும், அல்லது கன்ட்ரோலர் அதை ஜேபாட் (ரெய்டில் சேராத தனி வட்டு) நிலையில் வைத்திருக்கும். இரண்டாவது காரணமாக இருந்தால் மட்டும், சீரியல் எண்ணை ஒப்பிட்ட பிறகு, அந்த ஒரு வட்டின் பழைய அமைப்பை அழிக்கலாம்.

தொடங்கியதும் பொறுமை வேண்டும். 16 டிபி வட்டை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சர்வர் பணியிலும் இருந்தால் நாள்கணக்கில் நீளும். அது முடியும்வரை அந்தப் பெட்டியில் வேறு எந்த ட்ரேயையும் தொடாதீர்கள். கழற்றிய வட்டில் ஸ்லாட் எண்ணையும் தேதியையும் எழுதி, ரீபில்ட் முடிந்து ஸ்க்ரப் ஒருமுறை சுத்தமாக ஓடும்வரை தனியே எடுத்து வையுங்கள். நடுவில் இன்னொரு வட்டு விழுந்தால், பாதி வாசிக்கக்கூடிய அந்தப் பழைய வட்டிலிருந்து சில செக்டர்களையாவது எடுக்க முடியும்.